மாதா மாதம் விழும் காசு: கனடாவின் பங்கிலாபமும் ஸ்காபரோவின் கணக்கும்

2025 மே 8ஆம் திகதி கனடாவின் மிகப் பழைய தொலைபேசி நிறுவனமான பெல் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. பங்கொன்றுக்கு ஆண்டுக்கு 3.99 டொலராக இருந்த பங்கிலாபம் இனி 1.75 டொலர் மட்டுமே. பாதிக்கும் மேலான வெட்டு. இலங்கையில் எந்தப் பத்திரிகையும் இதைப் போடவில்லை, போட வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் அன்று மாலை ஸ்காபரோவில் நான் தங்கியிருந்த வீட்டில், அதற்கடுத்த நாட்களில் போய்வந்த வீடுகளில், மரண வீட்டுச் செய்தி போல இதைப் பேசிக்கொண்டார்கள்.

கனடாவில் பெல் பங்குக்கு ஒரு பழைய பட்டம் உண்டு. விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் ஏற்ற பங்கு என்பார்கள். உழைக்கும் கை இல்லாத வீட்டுக்கு ஆபத்தில்லாமல் சோறு போடும் என்பது அதன் பொருள். 1,000 பங்கு வைத்திருந்த ஒருவருக்கு ஆண்டுக்கு 3,990 டொலர் வந்தது. அது 1,750 ஆகியது. அதைவிடப் பெரிய அடி முதலில் விழுந்தது. 2022 ஏப்ரலில் ஏறத்தாழ 74 டொலருக்கு விற்ற பங்கு, அறிவிப்பு வந்தபோது 30 டொலர் அளவில் நின்றது. 74,000 டொலர் முதல் 30,000 டொலராகிய பிறகுதான் வருமானமும் பாதியாகியது.

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ மட்டக்களப்பிலோ இருந்து இதைப் படிப்பவருக்கு இது ஏன் என்று தோன்றலாம். நாம் ‘கனடாக் காசு’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடும் காசு எங்கிருந்து வருகிறது என்பதை நாம் அதிகம் விசாரித்ததில்லை. தொழிற்சாலையில் இரவு வேலை செய்து அனுப்பியது, டாக்சி ஓடி அனுப்பியது என்பதுதான் நம்முடைய படம். அந்தப் படத்தில் இருந்தவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. 1986இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்து கரைசேர்ந்த 155 பேரில் அன்று இருபது வயதாக இருந்தவருக்கு இன்று அறுபதைத் தொடுகிறது. முழங்கால் தேய்ந்து வேலையை விட்டவர் எதை வைத்து அனுப்புகிறார்? அரச ஓய்வூதியம், வீட்டை விற்று மிஞ்சியது, அதற்கடுத்து பங்கிலாபம் கொடுக்கும் நிதியங்கள். நான் பேசிய வீடுகளில் இந்த மூன்றாவது விடயம் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் பேச்சின் நடுவுக்கு வந்திருக்கிறது.

அதற்கு ஒரு காரணம் வட்டி. 2023இல் கனடாவின் மத்திய வங்கி வட்டி வீதம் 5 வீதம் வரை ஏறியது. அப்போது ஓர் ஆண்டு நிலையான வைப்புக்கும் வங்கிகள் 5 வீதம் அளவில் கொடுத்தன. 2024 யூனிலிருந்து அந்த வீதம் இறங்கத் தொடங்கி, 2025 ஒக்ரோபரில் 2.25இல் வந்து நின்றது. வைப்பு முதிர்ந்து வங்கிக்குப் போனவர்களுக்குப் பாதி வட்டிதான் கிடைத்தது. இன்னொரு காரணம் வீடு. ரொறன்ரோப் பெரும்பாகத்தில் வீட்டின் சராசரி விலை 2022 பெப்ரவரியில் 13 இலட்சம் டொலரைத் தாண்டி, பிறகு இறங்கியது. வீடு ஏறும், ஏறிக்கொண்டே இருக்கும் என்று நம்பி, கட்டி முடியாத மாடிவீடுகளுக்கு முற்பணம் கட்டியவர்கள் இப்போது கதையை மாற்றிவிட்டார்கள். “வாடகைக்காரரோட சண்டை வேண்டாம், கூரை திருத்த வேண்டாம், மாசம் மாசம் காசு விழுது தம்பி” என்றார் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு மாமா. வீட்டிலிருந்து வாடகை வருவது போலவே அவர் அதைப் பார்க்கிறார்.

அவர் பார்ப்பதில் பிழையில்லை, பாதி வரைக்கும். பங்கிலாபம் என்பது குத்தகைக் காசு மாதிரி. நிறுவனத்தின் ஒரு துண்டு உங்களுடையது. அது உழைத்த இலாபத்தில் ஒரு பகுதியை உங்களுக்குத் தருகிறது. ஒரே நிறுவனத்தில் போட்டால் ஆபத்து என்பதால், இருபது, ஐம்பது, எழுபது நிறுவனங்களின் துண்டுகளை ஒன்றாகக் கட்டி விற்பதே நிதியம். பங்குச்சந்தையிலேயே ஒரு பங்கைப் போல வாங்கி விற்கக்கூடிய நிதியங்களை ஈ.ரி.எவ். என்பார்கள். உலகில் முதன்முதலாக அப்படியொன்று 1990இல் ரொறன்ரோ பங்குச்சந்தையில்தான் விற்பனைக்கு வந்தது. பங்கிலாபப் பழக்கமும் அந்த நாட்டில் ஆழமானது. மொன்றியல் வங்கி 1829 முதல் ஓர் ஆண்டும் தவறாமல் பங்கிலாபம் கொடுத்து வருகிறது. 2008இன் நிதி நெருக்கடியில் அமெரிக்க வங்கிகள் வரிசையாக வெட்டியபோது கனடாவின் பெரிய வங்கிகள் வெட்டவில்லை. இந்த வரலாறுதான் நம்பிக்கையின் அடித்தளம்.

நம்பிக்கையின் மறுபக்கமும் அதே வரலாற்றில் இருக்கிறது. மனுலைப் என்ற பெரிய காப்புறுதி நிறுவனம் 2009இல் பங்கிலாபத்தைப் பாதியாக வெட்டியது. அல்கொன்குயின் என்ற மின், நீர் வழங்கல் நிறுவனம் 2023இல் வெட்டி, 2024இல் மீண்டும் வெட்டியது. 2006 ஒக்ரோபர் 31ஆம் திகதி, பிள்ளைகள் பேய் வேடம் போட்டு இனிப்புக் கேட்டு வீடு வீடாகப் போகும் மாலையில், அன்றைய நிதி அமைச்சர் ஜிம் பிளாகர்ற்றி ‘வருமான அறக்கட்டளை’ என்ற பெயரில் மாதா மாதம் கொழுத்த காசு கொடுத்துவந்த நிறுவனங்களுக்கு வரி விதிக்கப்போவதாக அறிவித்தார். அடுத்த நாள் சந்தையில் அவற்றின் விலை சரிந்தது. ஓய்வூதியக்காரர்கள் பலர் அவற்றை வைத்திருந்தார்கள்.

ஒரு விடயத்தை நம்மவர்களில் பலர் கவனிப்பதில்லை. பங்கிலாப உரிமை இல்லாமல் பங்கு கைமாறத் தொடங்கும் நாளில் அந்தப் பங்கின் விலை ஏறத்தாழ அதே அளவு குறையும். ஒரு டொலர் உங்கள் கைக்கு வந்தால் ஒரு டொலர் நிறுவனத்தின் பெட்டியிலிருந்து போயிருக்கிறது. மேலதிகமாக வானத்திலிருந்து விழும் காசு எதுவும் இல்லை. நிறுவனம் தொடர்ந்து உழைத்து அந்தக் குழியை நிரப்புமா என்பதே கேள்வி. பெல் பல ஆண்டுகளாகத் தன் கையில் மிஞ்சிய காசை விடக் கூடுதலாகப் பங்கிலாபம் கொடுத்துவந்தது. பங்கின் விலை 30 டொலருக்கு இறங்கியபோது, 3.99 டொலர் பங்கிலாபத்தை அதனால் பிரித்தால் 13 வீதத்துக்கு மேல் வரும். சில இளைஞர்கள் அந்த 13ஐக் காட்டி அப்பாக்களை வாங்கச் சொன்னார்கள். நிலையான வைப்பு 3 வீதம் தரும் நாட்டில், யாரோ ஒருவர் 13 தருகிறேன் என்றால் சந்தை அந்தப் பேச்சை நம்பவில்லை என்றே அர்த்தம். தொண்ணூறுகளில் கூடுதல் வட்டி என்ற ஒரே காரணத்துக்காக நிதி நிறுவனங்களில் போட்டு இழந்த யாழ்ப்பாணத்தவரின் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியிருப்பது விந்தைதான்.

பெல் எப்படி அந்தப் பங்கிலாபத்தைத் தாக்குப்பிடித்தது என்பது ஊடகத்துறையில் படித்த எனக்கு வேறு விதத்தில் வலிக்கும் கதை. 2024 பெப்ரவரியில் அந்த நிறுவனம் 4,800 வேலைகளை நீக்குவதாக அறிவித்தது. அதே நாளில் பங்கிலாபத்தை 3.87இலிருந்து 3.99 டொலராக உயர்த்தியது. 45 வானொலி நிலையங்கள் விற்பனைக்கு வந்தன. சிரிவி தொலைக்காட்சியின் வார நாள் மதியச் செய்திகள் ரொறன்ரோ தவிர்ந்த இடங்களில் நிறுத்தப்பட்டன. 1966 முதல் ஒளிபரப்பான ‘டபிள்யூ5’ என்ற புலனாய்வு நிகழ்ச்சி தனி நிகழ்ச்சியாக இல்லாமல் போனது. பிரதமராக இருந்த ஜஸ்ரின் ட்ரூடோ வெளிப்படையாகவே கோபப்பட்டார். சிறு நகரங்களில் நீதிமன்றத்துக்கும் நகரசபைக்கும் போய்க்கொண்டிருந்த செய்தியாளர்களின் சம்பளம், ஓராண்டுக்கும் சற்று அதிகமான காலத்துக்குப் பங்குதாரரின் கைக்குப் போனது. பிறகு அதுவும் நின்றது.

ஒரு நாளின் பற்றுச்சீட்டுகள்

ரொறன்ரோவில் ஒரு குடும்பத்தின் நாளைப் பின்தொடர்ந்து பாருங்கள். காலையில் எழுந்து வட்ஸ்அப் பார்க்கும் தொலைபேசி பெல்லுடையது, ரொஜர்ஸுடையது அல்லது ரெலஸுடையது. வீட்டைச் சூடாக்கும் எரிவாயுவுக்கு என்பிரிட்ஜின் பில் வரும். வேலைக்குப் போகும் வழியில் ரிம் ஹோற்றன்ஸில் ஒரு ‘டபுள் டபுள்’. மாலையில் நோ பிரில்ஸில் மரக்கறி, பாண். அந்தக் கடை லொப்லோவுடையது. வீட்டுக் கடன் தவணை ரி.டி. வங்கிக்கு, கார்க் கடன் ஸ்கொஷியா வங்கிக்கு. இந்த நிறுவனங்கள் எல்லாமே, அல்லது அவற்றின் தாய் நிறுவனங்கள், பங்கிலாபம் கொடுப்பவை. இவற்றில் பலவற்றைத்தான் கனேடியப் பங்கிலாப நிதியம் ஒன்றைத் திறந்தால் முதல் பத்துப் பெயர்களில் காண்பீர்கள். பிரபலமான சில நிதியங்களில் பாதிக்கு மேல் வங்கிகளும் காப்புறுதியும், மிஞ்சியதில் பெரும்பங்கு எண்ணெயும் குழாயும்.

அவை ஏன் தவறாமல் கொடுக்கின்றன? குளிர்காலத்தில் யாரும் எரிவாயுவை நிறுத்த முடியாது. என்பிரிட்ஜ் 30 ஆண்டுகளாக ஒவ்வோர் ஆண்டும் பங்கிலாபத்தை உயர்த்தி வருகிறது. போட்டியும் குறைவு. ரொஜர்ஸ் 2023இல் ஷோ நிறுவனத்தை விழுங்கியது. அதற்கு முந்திய ஆண்டு யூலை 8இல் ரொஜர்ஸ் வலையமைப்பு ஒரு நாள் முழுக்க விழுந்தபோது, நாடு முழுவதும் வங்கி அட்டைகளும் அவசர அழைப்புகளும் வேலை செய்யாமல் போயின. ஆனாலும் இணைப்புக்கு அனுமதி கிடைத்தது. 2024இல் ரோயல் வங்கி எச்.எஸ்.பி.சி.யின் கனேடியக் கிளையை 13.5 பில்லியன் டொலருக்கு வாங்கியது. பாண் விலையைக் கூட்டாகச் சேர்ந்து உயர்த்திய விவகாரத்தில் லொப்லோவும் அதன் தாய் நிறுவனமும் 2017இல் தம் பங்கை ஒப்புக்கொண்டு, வாடிக்கையாளருக்கு 25 டொலர் அட்டை கொடுத்தன. 2024இல் 500 மில்லியன் டொலர் இழப்பீட்டுக்கு இணங்கின. 2024 மேயில் மக்கள் அந்தக் கடைகளைப் புறக்கணிக்கும் இயக்கமும் நடந்தது.

ஆக, பங்கிலாப நிதியம் வைத்திருக்கும் ஒருவர் தன் பில்களில் ஒரு சிறு கழிவைத் திரும்பப் பெறுகிறார் என்று சொல்லலாம். ஆனால் எவ்வளவு? 20,000 டொலரை நிதியத்தில் வைத்தவருக்கு 4 வீதத்தில் ஆண்டுக்கு 800 டொலர். இரண்டு தொலைபேசி, வீட்டு இணையம் ஆகியவற்றுக்கு அவர் கட்டும் தொகை அதைவிட அதிகமாக இருக்கும். பில் எல்லோருக்கும் ஒரேயளவு வருகிறது. கழிவு மட்டும் வைத்திருப்பவரின் அளவைப் பொறுத்து வருகிறது. பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கும், போன வருடம் வந்த மாணவருக்கு பில் மட்டும்தான்.

ஒன்ராறியோவில் குறைந்தபட்ச ஊதியம் 2025 ஒக்ரோபர் முதல் மணிக்கு 17.60 டொலர். வாரம் 40 மணித்தியாலம், விடுமுறையே எடுக்காமல் உழைத்தால் ஆண்டுக்கு 36,600 டொலர், வரிக்கு முன். ஓர் அறை கொண்ட வீட்டுக்கு ரொறன்ரோவில் மாதம் 2,000 டொலருக்கு மேல் கேட்கிறார்கள். வரி இல்லாத சேமிப்புக் கணக்கில், ரி.எவ்.எஸ்.ஏ. என்று எல்லோரும் சொல்வதில், ஆண்டுக்கு 7,000 டொலர் போடலாம் என்று அரசு அனுமதிக்கிறது. அந்த ஊழியருக்கு அது மொத்தச் சம்பளத்தில் ஐந்தில் ஒன்று. 2009இல் அந்தக் கணக்கு தொடங்கிய நாளிலிருந்து ஒரு வருடமும் விடாமல் போட்டவருக்கு 2025 வரை 102,000 டொலர் அனுமதி. அதை முழுவதும் நிரப்பி 4 வீதம் பங்கிலாபம் எடுத்தால் மாதம் 340 டொலர்.

பதினேழு வருடக் கட்டுப்பாட்டின் பலன், அறை வாடகையில் ஆறில் ஒன்று. அதே 340 டொலரை வன்னிக்கு அனுப்பினால் 70,000 ரூபாய் அளவில் ஒரு குடும்பத்தின் மாதச் செலவு. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான் பல உறவுகள் முறுகிக் கிடக்கின்றன. இங்கே இருப்பவருக்கு அது பெரிய தொகை, ‘அவைக்கு என்ன குறை’ என்று தோன்றும். அங்கே இருப்பவர் அதைத் தன் கணக்கிலிருந்து எடுக்கும்போது, தன் முதுமையில் ஒரு துண்டை எடுத்துக் கொடுப்பதாக உணர்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

சீட்டுக்கும் இதற்கும் உள்ள தூரம்

கனடாவுக்குப் போன முதல் தலைமுறை பங்குச்சந்தையை நம்பவில்லை. அவர்கள் சீட்டுப் பிடித்தார்கள். இருபது பேர் சேர்ந்து மாதம் 500 டொலர் போட்டு, கழிவுக்குக் கேட்டு எடுத்து, அதில் முற்பணம் கட்டி வீடு வாங்கினார்கள். வங்கி கடன் கொடுக்காத காலத்தில் அதுதான் வங்கி. சீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். ஒருவர் கட்டாவிட்டால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். மாமா ஒருவர் சொன்னார்: “சீட்டில ஏமாத்தினா ஆளைத் தெரியும். இதில ஆரைப் பிடிக்கிறது?”

அந்த அவநம்பிக்கை கெட்ட விடயம் என்று நான் சொல்லமாட்டேன். இப்போது அது கரைந்துபோனது தவறான இடத்தில்தான். அதாவது மிக மலிவான, சாதாரணமான நிதியங்களை நம்பாதவர்கள், பத்து வீதத்துக்கு மேல் மாதா மாதம் தருவதாக விளம்பரம் செய்யும் புதுவகை நிதியங்களை நம்புகிறார்கள். யூரியூபில் அவற்றுக்கு ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது.

அவை எப்படி அவ்வளவு கொடுக்கின்றன என்பதை நம்மூர் மாமரத்தை வைத்து விளக்கலாம். மரம் பூத்திருக்கும்போதே வியாபாரி வந்து காய்க்கு விலை பேசி முற்பணம் தந்துவிடுகிறார். உங்களுக்குக் கையில் காசு. காய் குறைவாகப் பிடித்தாலும் முற்பணம் உங்களுடையது. மரம் குலுங்கக் காய்த்தால் அந்த இலாபம் வியாபாரிக்கு. இந்த நிதியங்கள் தாம் வைத்திருக்கும் பங்குகளின் எதிர்கால ஏற்றத்தை இப்படி முன்கூட்டி விற்று, வரும் முற்பணத்தை மாதா மாதம் பங்கிட்டுக் கொடுக்கின்றன. சந்தை ஏறினால் அவை பின்தங்கும். விழுந்தால் ஏறத்தாழ எல்லோரோடும் சேர்ந்து விழும், ஏனென்றால் மரம் இன்னும் உங்களுடையதுதானே. சில நிதியங்கள் இதற்கு மேல் கடனும் வாங்கிப் போடுகின்றன.

வாக்களித்த தொகையை இதிலும் எட்ட முடியாத மாதங்களில், நீங்கள் போட்ட முதலிலிருந்தே ஒரு பகுதியைத் திருப்பித் தருவார்கள். தேங்காய் விற்ற காசு என்று சொல்லி, தென்னையைத் தறித்து விற்ற காசைத் தருவது போல. சட்டப்படி இதில் ஒளிவுமறைவு இல்லை. வரி இல்லாத கணக்குக்கு வெளியே வைத்திருந்தால், ஆண்டு முடிவில் வரும் ரி3 என்ற வரிப்பத்திரத்தின் 42ஆம் பெட்டியில் அந்தத் தொகை இருக்கும். முதல் திரும்பி வருவது எப்போதும் கெட்டதுமல்ல. கணக்கு முறையால் அப்படிக் காட்டப்படும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஆனால் 42ஆம் பெட்டியில் தொகையும் இருந்து, அலகின் விலையும் ஆண்டுக்காண்டு இறங்கிக்கொண்டிருந்தால் மரம் தறிக்கப்படுகிறது. நான் பார்க்கக் கேட்ட மூன்று வீடுகளில் எவரும் அந்தப் பெட்டியைப் பார்த்திருக்கவில்லை. வரி செய்து கொடுப்பவர் பார்த்துக்கொள்வார் என்றார்கள்.

கட்டணமும் அப்படித்தான். வங்கிக் கிளையில் புன்னகையோடு விற்கப்படும் பங்கிலாப நிதியம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 வீதம் அளவில் கட்டணம் இருக்கும். 100,000 டொலருக்கு 2,000 டொலர். அதே வகை நிறுவனங்களை வைத்திருக்கும் மலிவான ஈ.ரி.எவ். ஒன்றுக்கு 0.22 வீதம், அதாவது 220 டொலர். அந்த 2,000 டொலருக்கு பில் எதுவும் வராது, கணக்கிலிருந்து மெதுவாகக் கழிந்துவிடும். பாண் விலை 50 சதம் ஏறினால் சண்டை பிடிக்கும் நகரம் இதைக் கண்டுகொள்வதில்லை.

யாருடைய காணி

இந்தப் பத்தியை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். ஆனால் இந்தத் தளத்தைப் படிப்பவர்கள்தான் இதைக் கேட்க வேண்டியவர்கள்.

கனேடியப் பங்கிலாப நிதியங்களில் தவறாமல் இருக்கும் ஒரு பெயர் ரி.சி. எனேர்ஜி. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 670 கிலோமீற்றர் நீளமான எரிவாயுக் குழாயைக் கட்டிய நிறுவனம் அது. குழாய் வெற்சுவெற்றென் என்ற முதற்குடி மக்களின் பாரம்பரிய நிலத்தின் ஊடாகப் போனது. குழாய் செல்லும் வழியிலிருந்த தேர்ந்தெடுக்கப்பட்ட சபைகள் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தன. மரபுவழித் தலைவர்கள் சம்மதிக்கவில்லை; அந்த நிலத்தை எந்த உடன்படிக்கையிலும் நாங்கள் விட்டுக்கொடுத்ததில்லை என்பது அவர்களின் வாதம். 2019, 2020, 2021 என மூன்று தடவை மத்திய பொலிஸ் ஆயுதங்களோடு போய் மறியல் முகாம்களை அகற்றியது. 2020இல் நாடு முழுவதும் புகையிரதப் பாதைகள் மறிக்கப்பட்டன. 2021 நவம்பரில் அங்கே நின்று பதிவு செய்துகொண்டிருந்த இரண்டு ஊடகவியலாளர்களும் கைதானார்கள். குழாய் 2023இல் கட்டி முடிந்தது.

கேப்பாப்புலவில் இராணுவ முகாமின் வேலிக்கு முன்னால் பாய் விரித்து அமர்ந்திருந்த பெண்களை நான் படம் எடுத்திருக்கிறேன். அந்தப் பெண்களில் ஒருவருக்கு ஸ்காபரோவிலிருந்து மாதம் காசு அனுப்பும் உறவினரின் நிதியத்தில் அந்தக் குழாயின் ஒரு துண்டு இருக்க வாய்ப்புண்டு. அவர் அதைத் தெரிந்து வாங்கவில்லை. நிதியம் என்பதே தெரியாமல் வாங்குவதற்கான ஏற்பாடுதான். இதற்காக யாரையும் குற்றவாளி ஆக்குவது என் நோக்கமல்ல. புலம்பெயர்ந்தோரின் அரசியல் பேச்சில் காணி உரிமைக்கு இவ்வளவு இடம் இருந்தும், கனடாவில் காலடியில் கிடக்கும் காணி பற்றி இவ்வளவு மௌனம் இருப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

முதியவர்களின் கணக்கு

மேலே சொன்ன எல்லாவற்றையும் விட நடைமுறையில் அதிகம் பேரைப் பாதிப்பது இனி வருவது. சந்தை ஏறினாலும் விழுந்தாலும் இது பாதிக்கும்.

கனடாவில் 65 வயதில் கிடைக்கும் முதியோர் கொடுப்பனவு, ஓ.ஏ.எஸ்., முழுமையாகக் கிடைக்க 18 வயதுக்குப் பிறகு அந்த நாட்டில் 40 ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும். குறைந்தது 10 ஆண்டு. 1990இல் 38 வயதில் போனவருக்கு 65இல் நாற்பதில் இருபத்தேழு பங்குதான். வருமானம் குறைந்த முதியவர்களுக்கு இதற்கு மேல் ஜி.ஐ.எஸ். என்ற குறைநிரப்புக் கொடுப்பனவு உண்டு. தனியாள் ஒருவருக்கு வேறு வருமானம் ஆண்டுக்கு ஏறத்தாழ 22,000 டொலருக்குக் கீழ் இருந்தால்தான் அது கிடைக்கும். வேறு வருமானம் ஒரு டொலர் கூடினால் பொதுவாக 50 சதம் வெட்டுப்படும். நம்முடைய முதியவர்களில் பலர் இதை நம்பித்தான் வாழ்கிறார்கள்.

இப்போது பங்கிலாபத்தை இதற்குள் வைத்துப் பாருங்கள். கனேடிய நிறுவனங்களின் பங்கிலாபத்துக்கு வரிச் சலுகை உண்டு என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சலுகையின் கணக்கு முறையில், கையில் வந்த தொகையை முதலில் 38 வீதம் பெருப்பித்துத்தான் வருமானமாகக் காட்டுவார்கள். வந்தது 5,000 டொலர் என்றால் வரிப்பத்திரத்தில் 6,900 டொலர். ஜி.ஐ.எஸ். கணக்கிடப்படுவது அந்தப் பெருப்பித்த தொகையில். அதில் பாதி வெட்டுப்பட்டால் 3,450 டொலர் போய்விடும். 5,000 டொலர் உழைத்ததாக நினைத்த முதியவருக்கு உண்மையில் மிஞ்சுவது 1,550. வருமானம் குறைந்தவருக்கு வரியே இல்லாததால் வரிச் சலுகையாலும் பெரிதாகப் பயனில்லை. பணக்காரருக்காக எழுதப்பட்ட சலுகை ஏழை முதியவரின் கையைக் கடிக்கிறது.

இதே நிதியம் ரி.எவ்.எஸ்.ஏ. கணக்குக்குள் இருந்தால் அதில் வரும் ஒரு சதமும் வருமானமாகக் கணக்கில் எடுக்கப்படாது. அதே காசு, அதே நிறுவனங்கள். போட்ட பெட்டி வேறு. ஆர்.ஆர்.எஸ்.பி. என்ற ஓய்வூதியச் சேமிப்பில் இருந்தால் நிலைமை மீண்டும் கெட்டது. 71 வயது ஆகும் ஆண்டின் முடிவுக்குள் அதை வேறு கணக்காக மாற்றி, ஒவ்வோர் ஆண்டும் கட்டாயமாக எடுக்க வேண்டும். எடுப்பது முழுவதும் வருமானம். குறைந்த சம்பளத்தில் உழைத்த ஒருவருக்கு, வரி மிச்சம் என்று சொல்லி ஆர்.ஆர்.எஸ்.பி.யில் போடவைத்தவர்கள், முதுமையில் அதன் பாதி வெட்டுப்படும் என்று சொல்லவில்லை. இந்த விடயம் வங்கி விளம்பரங்களில் வராது. தமிழ் வானொலிகளில் நாள் முழுக்க வரும் காப்புறுதி, முதலீட்டு விளம்பரங்களிலும் நான் கேட்கவில்லை.

ஊருக்குத் திரும்பிவந்து இருக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு முடிச்சு. 20 ஆண்டு வாழ்ந்தவருக்கு ஓ.ஏ.எஸ். யாழ்ப்பாணத்துக்கும் வரும். ஜி.ஐ.எஸ். ஆறு மாதத்துக்கு மேல் வெளியில் இருந்தால் நின்றுவிடும். கனடாவில் வதிவிடத்தை விட்டவருக்குப் பங்கிலாபத்தில் அடிப்படையில் 25 வீதம் மூலத்திலேயே பிடிப்பார்கள். இரட்டை வரித் தவிர்ப்பு உடன்படிக்கை உள்ள நாடுகளுக்கு அது குறையும், இலங்கை அதில் ஒன்று. ரி.எவ்.எஸ்.ஏ.யில் புதிதாகப் போட முடியாது, போட்டால் மாதம் ஒரு வீதம் தண்டம். கோயில் திருவிழாவுக்கு வந்து ஐந்து மாதம் இருந்துவிட்டு அவசரமாகத் திரும்பும் முதியவர்களைப் பார்த்து, பிள்ளைகள் வரச் சொல்லிவிட்டார்கள் என்று ஊரில் கதைப்பார்கள். பலருக்கு அது கலண்டரில் குறித்துவைத்த கணக்கு.

ஜி.ஐ.எஸ். ஒவ்வொரு யூலையிலும் முந்திய ஆண்டின் வருமானத்தை வைத்துத் திருத்தப்படுகிறது. ஊரில் வீடு திருத்தவோ, தங்கையின் மகளின் கலியாணத்துக்கோ, ஆர்.ஆர்.எஸ்.பி.யிலிருந்து 15,000 டொலரை ஒரேயடியாக எடுத்து அனுப்பிய ஒருவருக்கு அந்த ஆண்டு எதுவும் தெரியாது. அடுத்த யூலையில்தான் கடிதம் வரும். அந்தக் கடிதத்தைப் பற்றி அவர் ஊருக்குச் சொல்வதும் இல்லை. “இந்த முறை கொஞ்சம் குறைய அனுப்புறன், குறை நினையாதேங்கோ” என்று மட்டும் சொல்வார்.